கேட்பவர் பதில் சொல்ல வேண்டியதில்லை

கண்ணாடிக்காரர் அன்று சபையில் உண்மையைச் சொன்னது வேண்டுமென்று செய்த காரியம் அல்ல. வாய் தவறி வந்துவிட்டது. அவ்வளவு பெரிய தைரியசாலி அவர் இல்லை. பேருந்தில் தம் காலை யாராவது மிதித்துவிட்டால், மிதித்தவரிடம் தாமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிற ரகம்.

குற்றம் முழுக்கத் தொழிலுடையது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கம் அவருக்கு ஒரு இருட்டறை உண்டு. வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, கனத்த சட்டம் ஒன்றை மூக்கில் ஏற்றி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, எதிரே தொங்குகிற அட்டையைக் காட்டி, "இதுல தெரியுதா? இதுல?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் வேலை. அன்றைக்கு வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பார்வை குறைந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை. காத்திருந்த நேரத்தில் அட்டைக்குப் பக்கத்தில் போய் எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, கடகடவென்று ஒப்பித்தார். கண்ணாடிக்காரர் அட்டையைத் தலைகீழாக மாட்டினார். அப்போதும் அதையே ஒப்பித்தார்.

"ஐயா, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. பொய் சொன்னா தப்பான கண்ணாடிதான் கிடைக்கும்" என்று சாயங்காலம் வரைக்கும் மன்றாடிவிட்டு, கடையைப் பூட்டி, மனைவியைக் கூட்டிக்கொண்டு நேரே சபைக்குப் போனார்.

சபை என்பது ஒரு நீண்ட கூடம், வரிசையாகப் பெஞ்சுகள், கடைசியில் ஒரு வெள்ளைச் சுவர். உலகத்தைப் படைத்தவர் வாரத்துக்கு ஒருமுறை அந்தச் சுவரில் தம் முகத்தைக் காட்டுகிறார் என்பது சபையின் நம்பிக்கை. ஊரில் இத்தனை சுவர் இருக்க அவர் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தார் என்று கேட்கக் கூடாது. கூடத்து விளக்குகளை அணைப்பார்கள். தலைவர் மேடையில் இருக்கும் சுவிட்சைத் தட்டுவார். சுவர்மேல் ஒற்றை விளக்கு எரியும். "முகம் தெரிகிறதா?" என்று கேட்பார். எல்லோரும் ஒரே குரலில் "தெரிகிறது" என்பார்கள். அவ்வளவுதான், எழுந்து வீட்டுக்குப் போகலாம். பார்த்த முகம் எப்படி இருந்தது என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது என்பது முதல் விதி. அதனால் அந்த முகத்தைப் பற்றி இன்றுவரை ஒரு கருத்துவேறுபாடும் எழுந்ததில்லை.

கண்ணாடிக்காரருக்குச் சின்ன வயதில் ஒருமுறை மூக்கு மாதிரி ஏதோ தெரிந்தது. அடுத்து வெள்ளையடித்தபோது அது போய்விட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. நம்பிக்கை எந்த நாளில் போனது என்றுகூட அவருக்கு ஞாபகமில்லை. சட்டையில் பொத்தான் போன மாதிரி, தேடும்போதுதான் இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் வாரம் தவறாமல் வந்தார், மற்றவர்களோடு சேர்ந்து "தெரிகிறது" என்றார். ஒரு வார்த்தைதானே, என்ன கெட்டுப்போகிறது என்று இருந்தார்.

அன்று தலைமையாசிரியரிடம் தொண்டை வறளக் கத்திய களைப்பில், எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, தனியாக, தெளிவாக, "தெரியலை" என்றார்.

கூடத்தில் ஒருவரும் திரும்பவில்லை. பக்கத்தில் இருந்த மனைவியின் விரல்கள் கைப்பையின் பட்டையை இறுக்கிப் பிடித்ததை மட்டும் அவர் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. அதற்குக் காரணம் முகம் இல்லை, கூரை. சபையை விட்டு விலகியவரோடு சபையைச் சேர்ந்தவர் ஒரே கூரையின் கீழ் தூங்கக் கூடாது என்பது இரண்டாவது விதி. இரண்டு தெரு தள்ளி ஒரு தையல்காரர் இருந்தார். ஒருநாள் வருவதை நிறுத்திக்கொண்டார். அவர் மனைவியைச் சபை இல்லத்து மாடியில் குடிவைத்தார்கள். தையல்காரர் தினமும் சாயங்காலம் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் வந்து நிற்பார். அந்த அம்மா மாடியில் துணி காயப்போட வருவார். ஒரு சேலையைக் காயப்போட எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார்.

மறுநாள் காலையில் சபையின் செயலாளர் கடைக்கே வந்துவிட்டார். கண்ணாடிக்காரர் பதறி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். செயலாளரோ புன்சிரிப்பு மாறாமல் உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க. சபை யாரையும் வெளிய தள்ளாது" என்றார். "தள்ளினா என்ன ஆகும்? வெளிய ஆள் சேரும். நாலு பேர் வெளிய சந்தோஷமா நின்னா, உள்ள இருக்கறவன் கழுத்தை நீட்டி எட்டிப் பாப்பான். அது ஆன்மிகத்துக்கு நல்லதில்ல."

"நான் வேணும்னு சொல்லலைங்க..."

"நீங்க என்ன சொன்னீங்கங்கறது முக்கியமே இல்ல. தூரம்! அதான் பிரச்சினை. நீங்க உக்கார்றது கடைசிக்கு முந்தின வரிசை. அங்கருந்து எப்படித் தெரியும்? அடுத்த வாரத்துலருந்து முன்வரிசை. மெத்தை நாற்காலி."

அவர் போனதும் கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாளுக்கும் கடையில்தான் வேலை. வருகிறவர்களுக்குச் சட்டம் தேர்ந்தெடுத்துக் காதுக்குப் பின்னால் வளைத்துப் பொருத்துவது அவர் பொறுப்பு. பொய் என்பது அவர் வாயில் வராது. "இதைப் போட்டா ஆந்தை மாதிரி இருக்கீங்க, வேற பாருங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அதற்காகவே சிலர் வருவார்கள், அதற்காகவே பலர் வரமாட்டார்கள்.

அன்று கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கண்ணாடிக்காரர் மெல்ல ஆரம்பித்தார். "எனக்கு நேத்து மட்டும் இல்ல. ரொம்ப வருஷமாவே தெரியலை. நான் விலகிக்கலாம்னு பாக்கறேன்."

மனைவி ஒரு வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்து தெரியுதுன்னு சொன்னீங்களே?"

"நீ சொன்னே. நானும் சொன்னேன்."

"எனக்குத் தெரியுதுங்க. அதனால சொன்னேன்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் கண்ணாடிக்காரர் உள்ளுக்குள் சிரித்திருப்பார். இவர் சொன்னதால் நம்பினார். நம்பியதால் வலித்தது. ஒரே பெஞ்சில், ஒரே சுவரைப் பார்த்து, இவளுக்கு ஒன்று தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்துகொண்டே எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை முட்டியது.

மறுநாள் காலையில் படுக்கையறை வாசலில் ஒரு பெட்டி இருந்தது. பூட்டு கெட்டுப்போன பழைய பழுப்புநிறப் பெட்டி. பெல்ட் போட்டு இறுக்கியிருந்தது. எதற்கு என்று அவர் கேட்கவில்லை, மனைவியும் சொல்லவில்லை. கடையில் இருவரும் வாடிக்கையாளர் வழியாகவே பேசிக்கொண்டார்கள். "எப்பத் தயாராகும்னு அவரைக் கேளுங்க" என்பார் மனைவி. "அவங்க சட்டத்தைக் குடுத்தா நாளைக்கே" என்பார் இவர். நடுவில் நின்றவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக் களைத்துப்போவார்.

அடுத்த வாரம் மெத்தை நாற்காலி. உட்கார்ந்ததும் அரையடி உள்ளே போனார். முன்வரிசையில் ஊரின் பெரிய மனிதர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒரு பொறியாளர், ஒரு மருந்துக்கடைக்காரர், வங்கியில் மேலாளராக இருந்தவர். அவர்கள் எல்லோரும் கண்ணாடிக்காரரை ஒருமாதிரி பார்த்து, 'அடடே, நீங்களுமா' என்பதுபோல் தலையசைத்தார்கள். மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் சாய்ந்து, "முதுகுவலிக்கு இதைவிட நல்ல நாற்காலி கிடையாது. நிம்மதியா உக்காருங்க" என்றார்.

விளக்கு அணைந்தது, சுவர் வெளுத்தது, கேள்வி வந்தது. ஒருமுறை வாயைவிட்டுப் போன வார்த்தைக்கு வழி பழகிவிட்டது போலிருக்கிறது. "தெரியலைங்க" என்றார், இந்தத் தடவை மரியாதையோடு.

பின்னால் பெஞ்சுகளில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கூட்டம் முடிந்ததும் நாலைந்து பெண்கள் அவர் மனைவியைச் சூழ்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். துக்கம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்து ஓடினார், வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் அவருக்கு நாற்காலி மேடைமேலேயே போடப்போகிறார்களாம். மனைவி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடையில் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கண்ணாடிக்காரர் மனமாரப் பார்த்தார். இவ்வளவு கஷ்டத்துக்குப் பிறகு ஒரு புருவமாவது தெரிந்துவிடக் கூடாதா, பெட்டி அலமாரிக்குப் போய்விடுமே என்று ஏங்கினார். வெள்ளையடித்தவனின் தூரிகையிலிருந்து உதிர்ந்த ஒரு முடி சுண்ணாம்பில் ஒட்டிக் காய்ந்திருந்தது. மூலையில் ஓர் எறும்பு போய்க்கொண்டிருந்தது. "தெரியலை" என்று அவர் சொன்ன குரலில் இருந்த ஏமாற்றத்தைக் கேட்டு, சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என்ன பக்தி என்று செயலாளர் பிறகு சிலாகித்தார்.

இனிமேல் பொறுக்க முடியாது என்று தலைவரைப் பார்க்கப் போனார். தலைவரின் அறையில் கனமான மேசை, அதற்குப் பின்னால் தலைவர், அவர் மூக்கில் கண்ணாடிக்காரரே செய்துகொடுத்த தடித்த கண்ணாடி.

"நான் சபையிலருந்து விலகிக்கறேங்க" என்று நின்றபடியே சொன்னார், சொல்லாமல் ஓடிவிடுவோமோ என்ற பயத்தில்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "தாராளமா. ஆனா விலகறதுக்கு மொதல்ல உள்ள இருக்கணும் இல்லையா? முகத்தைப் பாத்தவங்கதான் சபை. அதுதானே நம்ம கொள்கை? நீங்க பாக்கலைன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப நீங்க இன்னும் உள்ளயே வரலை. உள்ள வராதவர் எப்படி வெளிய போவார்? மொதல்ல பாருங்க. பாத்துட்டீங்கன்னா நானே வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பறேன்."

"பாத்துட்டா நான் எதுக்குங்க போகணும்?"

"அதைத்தானே நானும் சொல்றேன்!" என்று தலைவர் மகிழ்ச்சியோடு மேசையைத் தட்டினார்.

"வராம நின்னுட்டா?"

தலைவரின் முகம் சுருங்கியது. "நிக்கலாம். சபை இல்லத்து மாடியில இன்னொரு அறை காலியாத்தான் இருக்கு. உங்க வீட்டம்மா உறுதியான பக்தை. விதின்னா விதின்னு நிப்பாங்க. தையல்காரரை நீங்க பாத்திருப்பீங்களே."

கண்ணாடிக்காரர், யாரும் உட்காரச் சொல்லாமலே, எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தலைவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதப் பாருங்க. உங்க கஷ்டம் எனக்குப் புரியாதுன்னு நெனைக்காதீங்க. எனக்கும் ஒருகாலத்துல பொய் சொல்றது பிடிக்காது. நானும் சொன்னேன், தெரியலைன்னு. முன்வரிசையில போட்டாங்க. மேடையில போட்டாங்க. அப்புறம், அப்போ தலைவரா இருந்தவர் கூப்பிட்டு இந்தப் பதவியக் குடுத்தாரு. இதோட சௌகரியம் என்ன தெரியுமா?" கண்ணாடிக்காரரின் காதருகே குனிந்தார். "கேக்கறவர் பதில் சொல்ல வேண்டியதில்ல. கூட்டம் சொல்லும். நாம கேட்டா போதும். இத்தனை வருஷத்துல நான் ஒரு பொய் சொல்லலைங்க. சுத்தமான மனசாட்சி!"

கண்ணாடிக்காரர் சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"எனக்கும் வயசாச்சு" என்றார் தலைவர். "அடுத்த வாரம் நீங்க கேளுங்க. பொய் சொல்ல வேண்டாம், வீட்டம்மாவையும் விட வேண்டாம். இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்ன வேணும்?"

கண்ணாடிக்காரர் சரி என்றார். அவரைக் கோழை என்று சொல்கிறவர்கள், பெட்டி வாசலில் இருக்கும் வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். அந்தப் பெட்டியை அவர் தாண்டித் தாண்டி நடந்தார். திறந்து பார்க்கவில்லை. அவள் சேலைகள் மடித்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் நிற்க முடியாது என்று அவருக்குத் தெரியும். பதவி விஷயத்தைச் சொன்னபோது மனைவி, "தெரியாதவங்க எப்படிங்க கேக்கலாம்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த நாள் வந்தது. கூடம் நிரம்பி வழிந்தது. தலைவர் அவரைக் கையைப் பிடித்து மேடையேற்றி ஒரு சிறு உரை நிகழ்த்தினார். "இவர் சந்தேகத்தோடு வந்தார். சபை அவரை அணைத்தது. பார்வையே தொழிலாகக் கொண்டவர் இன்று நம் பார்வைக்குப் பொறுப்பேற்கிறார்" என்றார். பலத்த கைத்தட்டல். முன்வரிசைப் பெரிய மனிதர்கள் தங்களுக்குக் கிடைக்காமல் போனதே என்ற வருத்தத்தோடு தட்டினார்கள்.

கூடத்து விளக்குகள் அணைந்தன. கும்மிருட்டு. கண்ணாடிக்காரர் சுவிட்சைத் தேடினார். சுவரில் கை எங்கெங்கோ போனது. இருட்டில், கடைசிக்கு முந்தின பெஞ்சின் ஓரத்தில், தம் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருப்பது அவருக்குப் பார்க்காமலே தெரிந்தது. சுவிட்ச் விரலில் தட்டுப்பட்டது. தட்டவேண்டும், பிறகு கேட்கவேண்டும். இருட்டறையில் நின்று நின்று பழகிப்போன வாய் கைக்குக் காத்திருக்கவில்லை.

"முகம் தெரிகிறதா?" என்றார்.

"தெரிகிறது!" என்றது கூடம்.

எப்போதும் போல ஒரே குரல். ஒரு தயக்கம் இல்லை, ஓர் இருமல் இல்லை. கும்மிருட்டில், சுவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாத இருட்டில், அத்தனை பேருக்கும் தெரிந்தது. கண்ணாடிக்காரரின் விரல் சுவிட்சின்மேல் அப்படியே உறைந்து நின்றது.

"விளக்கே போடலையே!"

அது மனைவியின் குரல். ஆந்தை மாதிரி இருக்கிறது என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற அதே குரல்.

"இன்னும் விளக்கே போடலை. என்னத்தைத் தெரியுதுங்கறீங்க? ஏம்மா, உனக்கு என்ன தெரிஞ்சுது? உங்களுக்கு?" பக்கத்தில் இருந்தவர்களை அவர் தொட்டுத் தொட்டுக் கேட்பது இருட்டில் கேட்டது. யாரோ அவசரமாகக் கூடத்து விளக்குகளைப் போட்டார்கள். எல்லோரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் மட்டும் நின்றுகொண்டிருந்தார், முகமெல்லாம் வெளிறி.

"எனக்குத் தெரியலை" என்றார், யாரிடமோ புகார் செய்வதுபோல. கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தார். கண்ணாடிக்காரர் மேடையிலிருந்து குதித்துப் பின்னால் ஓடினார். முதல்முறையாக யாருடைய காலையோ மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் ஓடினார். வாசலைத் தாண்டும்போது பின்னால் செயலாளரின் தெளிவான, பதறாத குரல் கேட்டது. "அம்மாவுக்குத் தூரம் அதிகமாயிருக்கு. முன்வரிசையில ஒரு நாற்காலி போடுங்க!"

தெருமுனையில் மனைவியைப் பிடித்துவிட்டார். ஆனால் சபையின் வாசல்காரர் இருவரையும் பிடித்துவிட்டார். பெரிய மீசை வைத்த மனிதர். மெத்தை நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அம்மா, உங்களுக்கு நாற்காலி!"

அவர் நடைபாதை நடுவில் போட்ட நாற்காலியில் அந்த அம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். மனைவி அழுதார். கண்ணாடிக்காரருக்கு ஜெயித்த சந்தோஷம் துளிகூட வரவில்லை. மனைவியிடமிருந்து எதையோ தாமே பிடுங்கிக்கொண்டு வந்த மாதிரி மனசு அடித்துக்கொண்டது.

"எனக்கு நிஜமாத் தெரிஞ்சுதுங்க" என்றார் மனைவி. "பொய் சொல்லலை."

"எனக்குத் தெரியும்."

"எல்லாரும் தெரியுதுன்னு சொல்லுவாங்களா, உடனே தெரியும். அந்தச் சத்தத்துலதான் தெரிஞ்சிருக்கு. சுவத்துல இல்ல. இருட்டுலயும் அதே சத்தம் வந்ததும் எல்லாம் போயிடுச்சு."

"என்ன முகம்?"

வாசல்காரர் திடுக்கிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். முதல் விதி.

"எங்கம்மா முகம்" என்றார் மனைவி. "இனிமே எங்க போய்ப் பாக்கறது?"

கண்ணாடிக்காரர் பக்கத்தில் குனிந்து, தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல்காரரின் சட்டையை இழுத்தார். "உங்களுக்குத் தெரியுமா? முகம்?"

"நான் வாசல்ல நிக்கறவன்மா" என்றார் அவர், காதிலிருந்து கையை எடுத்தபடி. "எனக்குத் தெரியறதெல்லாம் முதுகுதான். நீங்க எழுந்தா நாற்காலிய எடுத்துட்டுப் போயிடுவேன். இல்ல நீங்க வரணும். ரெண்டுல ஒண்ணு இல்லாம என்னைத் திரும்பி வரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

மனைவி எழுந்தார். வாசல்காரர் ஒரு கணம் யோசித்தார். சபையின் பக்கம் ஒரு பார்வை, நாற்காலியின் பக்கம் ஒரு பார்வை. பிறகு தாமே அதில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக்காரர் படுக்கையறை வாசலில் நின்றுவிட்டார். பெட்டி அங்கேயே இருந்தது.

"தாண்டாதீங்க" என்றார் மனைவி. "பிரிச்சு எடுத்து அலமாரியில வைங்க."

அவர் மண்டியிட்டு பெல்ட்டை அவிழ்த்தார். மூடியைத் திறந்தார். மேலே மனைவியின் சேலைகள். அதற்குக் கீழே அவருடைய சட்டைகள். அதற்குக் கீழே மறுபடி சேலைகள், வேட்டி, இரண்டு பேருடைய துண்டுகளும்.

"யாருக்கு வெச்சே இதை?" என்று கேட்டார்.

"யார் போறதுன்னு எனக்குத் தெரியலை" என்றார் மனைவி. "அதான் ரெண்டு பேருதும் வெச்சேன்."